ஆறு மாதம் காத்திருந்தால் உரம்

விடியற்காலை நான்கு, ஐந்து மணி இருக்கும். கடைவீட்டின் பின்சுவரில், தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும் சிறு கதவு திறக்கும். ஒரு கை உள்ளே நுழைந்து நிறைந்த வாளியை இழுத்துக்கொண்டு, காலி வாளியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தும். அந்த நேரம் பார்த்து உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் அலறியடித்து எழுந்த கதைகளை, அறுபது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த வாளி எங்கே போனது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர் நகரத்தின் மனிதக் கழிவைச் சேகரித்தவை சீனர்களின் தனியார் கூட்டமைப்புகள். குப்பையை அகற்றும் சேவையாக மட்டும் அவர்கள் அதைச் செய்யவில்லை. அதற்கு விலை இருந்தது. நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களுக்கும் மற்றப் பயிர்த் தோட்டங்களுக்கும் அது உரமாக விற்கப்பட்டது. தோட்டத்தில் விளைந்ததை நகரம் சாப்பிட்டது; நகரம் கழித்தது தோட்டத்துக்கே திரும்பிப் போனது.

அந்த வாளிக் காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். காலராவும் குடற்காய்ச்சலும் குடற்புழுவும் அந்த வாளியோடு சேர்ந்தே ஊர்வலம் வந்தன. ஆனால் வாளிக்குள் இருந்தது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஒன்றில் நோய்க்கிருமிகள் அதிகம். மற்றொன்றான சிறுநீரில் பயிருக்கான சத்து அதிகம். இந்த இரண்டையும் பிரித்து வைத்தவர்கள் வரலாற்றில் உண்டு. கலந்துவிட்டவர்களும் உண்டு. சிறுநீர் உரத்தின் கதை, சுருக்கமாகச் சொன்னால், பிரித்ததும் கலந்ததுமான கதைதான்.

ரோமாபுரி சொன்ன கணக்கு

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர் கொலுமெல்லா. ஸ்பெயின் நாட்டில் பிறந்து இத்தாலியில் நிலம் வைத்து விவசாயம் செய்த ரோமானியர். வேளாண்மை பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. எரு வகைகளை அவர் அதில் வரிசைப்படுத்துகிறார். பறவைகளின் எச்சம், மனிதக் கழிவு, கால்நடைச் சாணம் என்று போகும் அந்தப் பட்டியலில் மனிதச் சிறுநீருக்குத் தனி இடம் கொடுக்கிறார்.

அதைப் புதிதாக ஊற்றக் கூடாது, ஆறு மாதம் பழக விட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அப்படிப் பழகியதைத் திராட்சைக் கொடிகளுக்கும் பழமரக் கன்றுகளுக்கும் விட்டால், வேறெந்த எருவாலும் அவ்வளவு காய்ப்பு வராது என்பது அவர் துணிபு.

ஆறு மாதம் என்ற அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழித்து அதே கணக்கு இன்னோர் இடத்தில் திரும்பி வரப்போகிறது.

ஒசாகாவில் இரண்டு சொந்தக்காரர்கள்

இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக இருந்தவர்கள் ஜப்பானியர்கள். 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில் ஒசாகா பெரிய வணிக நகரம். சுற்றிலும் நெல் வயல்கள், காய்கறித் தோட்டங்கள். கால்நடைகள் குறைவு என்பதால் சாணம் போதவில்லை. ஆகவே நகர மக்களின் கழிவுதான் விவசாயிக்கு முக்கிய உரம். படகுகளில் காய்கறியை ஏற்றி வந்து, அதற்கு ஈடாகக் கழிவை ஏற்றிச் சென்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாடகை வீட்டில் மலத்துக்கு ஒரு சொந்தக்காரர், சிறுநீருக்கு வேறு சொந்தக்காரர். மலத்தை விற்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கு. சிறுநீரை விற்கும் உரிமை குடியிருப்பவருக்கு. குடியிருப்போர் எண்ணிக்கை குறைந்தால் உரிமையாளர் வாடகையை ஏற்றிவிடுவாராம். ஆள் குறைந்தால் உரம் குறையும், வருமானமும் குறையும் அல்லவா!

உரத்துக்குக் கிராக்கி ஏற ஏறச் சண்டையும் ஏறியது. 1724ஆம் ஆண்டுக் கோடையில், ஒசாகா நகரின் எந்தப் பகுதியில் யார் கழிவு எடுப்பது என்று இரண்டு கிராமக் கூட்டங்கள் மோதிக்கொண்டன. கழிவைத் திருடுவது தண்டனைக்குரிய குற்றமானது.

கியோத்தோ நகரிலும் சிறுநீருக்கெனத் தனி வியாபாரம் நடந்தது. 1802ஆம் ஆண்டில் எடோ நகரிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, அங்கே பயணம் சென்றவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் தக்கிசாவா பாக்கின். காய்கறியைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை வாங்கிச் செல்லும் ஆட்கள் தெருவில் வலம் வருவதை அவர் ஆச்சரியத்தோடு குறித்து வைத்தார். அவருடைய ஊரான எடோவில் மலத்துக்கு விலை இருந்தது. சிறுநீரோ பெரும்பாலும் வீணாகத்தான் ஓடியது. ஒரே நாட்டுக்குள்ளேயே ஓர் ஊர் பிரித்துச் சேர்த்தது, மற்றோர் ஊர் கோட்டைவிட்டது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒசாகாவில் கழிவை எடுக்க வந்தவர்களில் அதைத் தன் வயலில் போடும் விவசாயியும் இருந்தார். அவருக்கு அது கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு விளைச்சல் அந்தத் தொட்டியில் இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

ஷங்ஹாய் நகரின் வருமானம்

சீனாவிலும் இதே கதைதான். அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங் 1909ஆம் ஆண்டில் சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். நாலாயிரம் ஆண்டுகளாக உழுத நிலம் இன்னும் எப்படி விளைகிறது என்பதே அவருக்கிருந்த கேள்வி. அவர் எழுதிய புத்தகம் 1911ல் வெளிவந்தது.

அதில் அவர் தரும் ஒரு கணக்கு அசரவைக்கும். 1908ஆம் ஆண்டில் ஷங்ஹாய் நகரத்தின் மனிதக் கழிவை அள்ளிச் செல்லும் உரிமையை ஒரு சீன ஒப்பந்தக்காரர் விலைக்கு வாங்கினார். அளவு 78,000 டன். நகருக்குக் கிடைத்தது அமெரிக்கத் தங்க நாணயக் கணக்கில் 31,000 டாலருக்கும் மேல். கழிவை அகற்ற மேற்கத்திய நகரங்கள் செலவு செய்துகொண்டிருந்த காலத்தில், கழிவை எடுத்துச் செல்ல விட்டதற்காக ஷங்ஹாய் பணம் வாங்கியது.

யூரியா என்ற பெயரிலேயே இருக்கிறது

சிறுநீரில் அப்படி என்னதான் இருக்கிறது? வயலுக்குப் போடும் யூரியா மூட்டையின் பெயரே பதில் சொல்கிறது. மேலை மொழிகளில் சிறுநீருக்கு உள்ள சொல்லிலிருந்துதான் யூரியா என்ற பெயரே பிறந்தது. உடலில் புரதம் செரித்து மிஞ்சும் நைட்ரஜனைச் சிறுநீரகம் யூரியாவாக வெளியேற்றுகிறது. 1828ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர், எந்த உயிரினத்தின் சிறுநீரகமும் இல்லாமல் சோதனைக்கூடத்தில் யூரியாவைத் தயாரித்துக் காட்டினார்.

பெரியவர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். சுவீடன் நாட்டுக் கணக்குப்படி அதில் நைட்ரஜன் மட்டும் ஏறத்தாழ 4 கிலோ. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தனி. மனித உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் சிறுநீரில்தான் போகிறது.

இதைக் கடையில் வாங்கும் உரத்தின் கணக்கில் பார்ப்போம். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அப்படியானால் ஒருவருடைய ஓராண்டுச் சிறுநீர் 8 கிலோவுக்கும் அதிகமான யூரியாவுக்குச் சமம். ஐந்து பெரியவர்கள் உள்ள குடும்பம் ஆண்டுதோறும் 40 கிலோவுக்கும் மேற்பட்ட யூரியாவைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடுகிறது.

கிருமிகளின் கணக்கோ நேர்மாறானது. காலரா, வயிற்றுப்போக்கு, குடற்புழு ஆகியவற்றின் கிருமிகளும் முட்டைகளும் பெரும்பாலும் மலத்தில்தான் இருக்கின்றன. சிறுநீரில் கிருமி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மலம் கலக்காதவரை ஆபத்து மிகக் குறைவு.

குழாய் வந்தது, பிரிவு போனது

பிறகு ஏன் உலகம் இதைக் கைவிட்டது? காரணம் நியாயமானதுதான். 1854ஆம் ஆண்டில் லண்டனில் காலரா பரவியபோது, ஒரு தெருவின் குடிநீர்ப் பம்பிலிருந்து நோய் பரவுவதை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்தார். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. பொறியாளர் பாசல்கெட் நகருக்கு அடியில் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். லட்சக்கணக்கான உயிர்களை அந்தக் குழாய்கள் காப்பாற்றின. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் குழாய்க்குள் எல்லாம் ஒன்றாகின. சத்துள்ள சிறுநீர், கிருமியுள்ள மலம், சோப்புத் தண்ணீர், தொழிற்சாலைக் கழிவு என அனைத்தும் ஒரே ஓட்டம். ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் அப்போதே எச்சரித்தார். நிலத்தின் சத்தை நகரங்கள் கடலில் கொட்டுகின்றன என்று அவர் கவலைப்பட்டார்.

அந்தக் கவலையை மறக்கடித்தது இன்னொரு கண்டுபிடிப்பு. 1909ல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா தயாரிக்கும் முறையைச் செய்து காட்டினார். 1913ல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான உணவு அந்த முறையில் கிடைக்கும் உரத்தை நம்பியிருக்கிறது. சரவாக்கின் பிந்துலுவில் 1985 முதல் யூரியா தயாரிப்பதும் அதே வழியில், இயற்கை எரிவாயுவைக் கொண்டுதான்.

மலிவான உரம் மூட்டையில் வந்த பிறகு, தொட்டியில் சேர்த்து ஆறு மாதம் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

சிங்கப்பூரின் தோள்கள்

சிங்கப்பூருக்குக் குழாய் வரத் தாமதமானது. நகரத்தின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சிம்சன் 1907ஆம் ஆண்டு அறிக்கையில், நெரிசலான கடைவீடுகளுக்குப் பின்னால் சந்துகள் வெட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தார். காற்றும் வெளிச்சமும் வரும், கழிவு வாளியை வீட்டுக்குள்ளே தூக்கிக்கொண்டு நடக்காமல் பின்வழியாகவே எடுக்கலாம் என்பது நோக்கம். இன்று சுற்றுப்பயணிகள் படமெடுக்கும் பின்சந்துகள் பலவற்றின் பூர்வகதை இதுதான்.

1910களில் முதல் கழிவுநீர்க் குழாய்கள் வந்தன. ஆனால் நகரம் முழுவதும் குழாய் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை வாளிதான். தோளில் காவடி போல ஒரு தடி. அதன் இரு முனைகளிலும் நிறைந்த வாளிகள். பிற்காலத்தில் பல கதவுகள் வைத்த லாரி. லாரி வரும் சத்தம் கேட்டதும் தெருவில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அந்தத் தொழிலாளிகள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் நகரம் என்ன ஆகும் என்பது விலகியவர்களுக்கும் தெரியும்.

ஒசாகாவின் விவசாயி தனக்காகச் சுமந்தார். சிங்கப்பூரின் தொழிலாளி கூலிக்காகப் பிறருக்குச் சுமந்தார். இந்தியாவிலோ இந்த வேலை பிறப்பால் சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க அங்கே 1993லும் 2013லும் சட்டங்கள் போட வேண்டியிருந்தது. ஒரு பொருளை உரம் என்று மதித்த ஊரில் சொந்தக்காரரே எடுக்க வந்தார். அசிங்கம் என்று ஒதுக்கிய ஊரில் அதைச் சுமக்க ஒரு கூட்டம் மனிதர்களும் சேர்த்து ஒதுக்கப்பட்டார்கள்.

1987ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சிங்கப்பூரின் வாளி முறை முடிவுக்கு வந்தது. லோரோங் ஹாலுஸ் கழிவு நிலையம் அதன் கடைசி நிறுத்தம். நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. விட வேண்டியதுதான்.

மீண்டும் பிரிக்கத் தொடங்கியவர்கள்

ஏறக்குறைய அதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் சிலர் பழைய கணக்கைத் தூசி தட்டினார்கள். சுவீடனில் 1990களில் ஸ்டாக்ஹோம் வட்டாரத்துக் குடியிருப்புகள் சிலவற்றில் புதுவகைக் கழிவறைகள் வைக்கப்பட்டன. ஒரே இருக்கை, உள்ளே இரண்டு பள்ளம். முன்பள்ளத்தில் விழும் சிறுநீர் தனிக்குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து பண்ணைக்குப் போகும். யாரும் தோளில் சுமக்க வேண்டியதில்லை.

2006ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மனிதக் கழிவைப் பாதுகாப்பாக விவசாயத்தில் பயன்படுத்துவது பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. பலருடைய சிறுநீரை ஒன்றாகச் சேர்த்து எல்லாப் பயிர்களுக்கும் போடுவதானால் எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்? 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது ஆறு மாதம் என்றது அந்த வழிகாட்டி. கொலுமெல்லா சொன்ன அதே ஆறு மாதம்! அவருக்குக் கிருமி என்றால் என்னவென்று தெரியாது. அனுபவம் சொல்லிக் கொடுத்தது. காரணத்தை இன்றைய அறிவியல் சொல்கிறது. மூடிய கலனில் யூரியா அமோனியாவாக மாறுகிறது; காரத்தன்மை ஏறுகிறது; கிருமிகள் மடிகின்றன.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறி காவிரிக் கரையில் இருக்கிறது. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் அங்கே குழி தோண்டிய கழிப்பிடங்கள் சரிப்படவில்லை. ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் கழிப்பிடங்களைக் கட்டியது. 2008 வாக்கில் அங்குள்ள பொதுக் கழிப்பிடம் உலகச் செய்தியானது. மற்ற ஊர்களில் கழிப்பிடத்துக்குப் போகக் காசு கொடுக்க வேண்டும். முசிறியில் போனவருக்குக் காசு கொடுத்தார்கள். ஒரு முறைக்கு 10 காசு. சேர்ந்த சிறுநீர் பயிர் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. நிறுவனத்தைத் தொடங்கிய மராச்சி சுப்புராமனுக்கு 2021ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் உரம் வாங்க வசதியில்லாத பெண் விவசாயிகள் கம்புப் பயிருக்கு இதைப் பயன்படுத்தினார்கள். சிறுநீர் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் ‘ஓகா’ என்று வேறு பெயர் வைத்தார்கள். 2022ல் வெளியான ஆய்வின்படி விளைச்சல் சராசரியாக 30 விழுக்காடு கூடியது. சுவிட்சர்லாந்தில் சிறுநீரைச் சுத்திகரித்து, செறிவாக்கி, ‘ஆரின்’ என்ற பெயரில் புட்டியில் அடைத்தார்கள். உணவுப் பயிர்களுக்கும் அதைப் போடலாம் என்று 2018ல் அந்நாட்டு அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

அருவருப்பும் அக்கறையும்

பசுவின் கோமியத்தைப் பஞ்சகவ்வியத்தில் கலந்து பயிருக்குத் தெளிப்பதில் தமிழர்களுக்குத் தயக்கம் இல்லை. மனிதச் சிறுநீர் என்றதும் முகம் சுளிக்கிறது. இந்த அருவருப்பைக் கேலி செய்யக் கூடாது. பல தலைமுறைகளை நோயிலிருந்து காத்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அருவருப்பு இரண்டு பொருளையும் ஒன்றாகப் பார்க்கிறது. அறிவு பிரித்துப் பார்க்கிறது.

பிரித்துப் பார்க்கும் அறிவு சில கட்டுப்பாடுகளையும் கேட்கிறது. சிறுநீரை மூடிய கலனில்தான் வைக்க வேண்டும். திறந்து வைத்தால் நாற்றமும் வரும், நைட்ரஜனும் காற்றோடு போகும். தண்ணீர் கலந்து வேருக்கு அருகே மண்ணில் ஊற்ற வேண்டும், இலையில் படக்கூடாது. உப்பு சேரும் என்பதால் தொட்டிச் செடிகளுக்கு அளவு மீறக்கூடாது. ஒரு குடும்பம் தன் தோட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் ஆறு மாத நிபந்தனை தளர்த்தப்படுகிறது. என்றாலும் கடைசியாக ஊற்றிய நாளுக்கும் அறுவடைக்கும் ஒரு மாதம் இடைவெளி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

மருந்து மாத்திரைகளின் எச்சம் சிறுநீரில் இருப்பதும் உண்மை. பயிருக்குள் போவது மிகச் சிறிய அளவே என்று சில சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆராய்ச்சி தொடர்கிறது. இப்போதோ அந்த எச்சம் சாக்கடை வழியாகத் தண்ணீருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

உரத்தை நம்பியிருக்கும் உலகுக்கு 2022ஆம் ஆண்டு ஒரு பாடம் நடத்தியது. உக்ரேன் போரை அடுத்து எரிவாயு விலையும் உர விலையும் தாறுமாறாக ஏறின. நெல், எண்ணெய்ப்பனை, காய்கறி பயிரிடும் மலேசிய விவசாயிகளின் கையையும் அது கடித்தது. மணிச்சத்துக்கான பாறையோ உலகில் சில நாடுகளிடம்தான் பெருமளவில் இருக்கிறது. சிறுநீர் இந்தச் சிக்கலை முழுதாகத் தீர்த்துவிடாது. ஆனால் மனிதர் வாழும் இடமெல்லாம் அது உற்பத்தியாகிறது. கப்பலில் வர வேண்டிய அவசியமில்லை.

வாளியை ஒழித்த சிங்கப்பூரும் இந்தப் பாதையில் ஓர் அடி வைத்துப் பார்த்தது. 2012ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கழிவறையை அறிமுகப்படுத்தினார்கள். திரவத்துக்கு ஓர் அறை, திடக்கழிவுக்கு ஓர் அறை. சிறுநீரை அகற்றக் கால் லிட்டர் தண்ணீர்கூடத் தேவையில்லை. பிரிந்து வரும் திரவத்திலிருந்து உரச்சத்துகளை மீட்பது திட்டம். தண்ணீர் அருமை தெரிந்த நாட்டுக்கு அந்தக் கணக்கு எளிதில் புரியும். கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் நியூவாட்டராகப் பயன்படுத்தி வரும் மக்கள், அருவருப்பை அறிவால் கடந்து காட்டியவர்கள் அல்லவா?

பின்சந்துகள் இன்னும் இருக்கின்றன. தோளில் தடியோடு இருட்டில் நடந்த அந்த மனிதர்கள் இல்லை. அவர்கள் சுமந்தது பாதி நோய், பாதி சோறு. நோயை ஒழித்த தலைமுறை சோற்றையும் சேர்த்துக் கொட்டிவிட்டது. ஒசாகாவின் குடியிருப்பவர் அன்று செய்தது போல, அந்தப் பாதியைத் தனியே எடுத்து வைக்க இன்று யாருடைய தோளும் தேவையில்லை. ஒரு குழாயும் ஒரு தொட்டியும் ஆறு மாதப் பொறுமையும் போதும்.